கழிப்பறைத் தாளிலிருந்து மதுக்கடை வரை: ஒரு கிகூயு நாவல் அச்சேறிய கதை

1977 ஜூலையில் நைரோபியில் ஒரு நாவல் வெளியீடு. எழுதியவர் கூகி வா தியாங்கோ, நைரோபிப் பல்கலைக்கழக இலக்கியத் துறையின் தலைவர். வெளியிட்டவர் கென்யாவின் நிதியமைச்சர் ம்வாய் கிபாகி. விடுதலைக்குப் பிறகு அதிகாரத்துக்கு வந்தவர்கள் நிலத்தையும் தொழிலையும் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொன்ன நாவல் அது. ஆங்கிலத்தில் இருந்தது. அதற்காக அப்போது அவர் மேல் யாரும் கைவைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் ஒரு நள்ளிரவில் போலீஸ் அவர் வீட்டுக்கு வந்தது. வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை. காவலில் வைக்கும் ஆணையில் கையெழுத்திட்டவர் அன்றைய துணைக் குடியரசுத் தலைவரும் உள்துறை அமைச்சருமான டேனியல் அராப் மோய். ஓராண்டு காமிட்டி சிறையில் இருந்தார். பெயர் போய் கே6,77 என்ற எண் வந்தது.

ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் அவருடைய அரசியல் மாறவில்லை, ஆட்சியும் மாறவில்லை. அவர் எழுதிய மொழி மாறியிருந்தது. அந்த மாற்றத்தில் பிறந்த நாவலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 1980இல் கிகூயு மொழியில் வந்து, 1982இல் ஆசிரியராலேயே ஆங்கிலமாக்கப்பட்டு, பிறகு நமக்கும் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று அமரந்தா, சிங்கராயர் மொழிபெயர்ப்பில் கிடைத்த நூல். இந்தக் கதையை ஓர் எழுத்தாளரின் மனஉறுதிக் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். மனஉறுதியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கைப்பிரதி எழுதி முடிப்பதற்கும் ஒரு மொழியில் நூல் ‘இருப்பதற்கும்’ நடுவே எத்தனை பேருடைய முதுகு தாங்க வேண்டியிருந்தது என்பதைத்தான் இந்த நிகழ்வில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முன்கதை, சுருக்கமாக

கென்யாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். சுவாஹிலி ஊர்விட்டு ஊர் போகும் எல்லாருக்கும் பொது. ஆங்கிலம் பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் பதவிக்கும் உரியது. வீட்டில் பேசுவது கிகூயு, லுவோ, லூயா, கம்பா என்று வேறொன்று. கூகி படித்த காலத்தில் பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசிப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் ‘நான் முட்டாள்’, ‘நான் கழுதை’ என்று எழுதிய தகட்டை மாட்டுவார்கள். பிடிபட்டவன் அடுத்துப் பேசுபவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இது பலமுறை சொல்லப்பட்டுவிட்டதால் கடந்து போகிறேன்.

1962 ஜூனில் உகாண்டாவின் மக்கரேரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு நடந்தது. ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு என்பதே அதன் பெயர். இரண்டு மூன்று சிறுகதைகள் மட்டுமே வெளியாகியிருந்த மாணவர் கூகிக்கு அங்கே இடம் கிடைத்தது. சுவாஹிலியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கு அந்தத் தகுதி இல்லை, அவர் ஆங்கிலத்தில் எழுதவில்லை. அதே மாதம்தான் அவர் இறந்தும்போனார். அடுத்த ஆண்டே நைஜீரிய விமர்சகர் ஒபி வாலி, இப்படிப் போனால் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தில் போய் நிற்கும் என்று எழுதினார். அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த பதில்கள் பெரும்பாலும் எரிச்சலாகவே இருந்தன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிகூயுவில் முதலில் எழுதியவர் கூகி இல்லை. காகாரா வா வன்ஜாவ் என்பவர் 1940களிலிருந்தே கிகூயுவில் சிறு நூல்கள் எழுதித் தாமே பதிப்பித்துவந்தார். 1952இல் நெருக்கடி நிலை வந்ததும் காலனி அரசு அவரைப் பிடித்து ஏழாண்டுகளுக்கு மேல் முகாம்களில் அடைத்தது. கிகூயு இதழ்கள் நின்றுபோயின. ஆக, அந்த மொழியில் அச்சிடுவது அபாயம் என்பதை சுதந்திரக் கென்யா புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, வெள்ளைக்காரரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டது. உலக அரங்கில் கூகியின் பெயர் ஒலிக்கும் அளவுக்குக் காகாராவின் பெயர் ஒலிக்காததற்குக் காரணம் எளிது: கூகி ஆங்கிலத்தில் புகழ்பெற்ற பிறகு கிகூயுவுக்கு வந்தவர்.

கமிரீத்து

லிமுருவுக்கு அருகே உள்ள கமிரீத்து, கூகியின் சொந்த ஊர். அங்கிருந்த சமூகக் கல்வி மையத்துக்காகக் கூகி வா மிரீ என்பவரோடு சேர்ந்து கிகூயுவில் ஒரு நாடகம் எழுதினார். பண்ணைக் கூலியாளின் சிறு துண்டு நிலத்தைப் பெரிய மனிதர் ஒருவர் பறித்துக்கொள்ளும் கதை. இரண்டாயிரம் பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கை ஊரார் தாங்களே கட்டினார்கள். ஒத்திகை மூடிய அறையில் நடக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. கிழவர் இப்படிப் பேசமாட்டார், இந்த இடத்தில் இந்தப் பழமொழி வராது, அந்தப் பாட்டின் அடி வேறு என்று திருத்தினார்கள். காடு புகுந்து வெள்ளையரை எதிர்த்துப் போராடியவர்களும் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பல்கலைக்கழகத் துறைத் தலைவர் தம் தாய்மொழியில் பிழைதிருத்தம் வாங்கிக்கொண்ட இடம் அது.

1977 அக்டோபரில் நாடகம் அரங்கேறியது. நவம்பர் 16ஆம் தேதி அரசு அனுமதியை ரத்து செய்தது. ஆறு வாரம்தான் ஓடியது. டிசம்பரில் கைது.

ஆங்கில நாவலைப் படித்தவர்கள் படித்து முடித்து அலமாரியில் வைத்திருப்பார்கள். நாடகத்தைப் பார்த்தவர்கள் மறுநாள் அதே பெரிய மனிதரின் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியவர்கள். அரசுக்கு இந்த வேறுபாடு இலக்கிய விமர்சகர்களுக்கு முன்பே புரிந்துவிட்டது.

ஏழு உயிருக்கு ஐந்து எழுத்து

சிறையில் கைதிகளுக்குக் கொடுத்த கழிப்பறைத் தாள் முரடானது. உடம்புக்கு ஆகாதது பேனாவுக்கு ஆனது என்று கூகி பிற்பாடு வேடிக்கையாகச் சொன்னார். அதில்தான் நாவல் எழுதப்பட்டது. ஒருமுறை சோதனையில் கைப்பிரதி பறிபோய், சில வாரம் கழித்துத் திரும்பிவந்தது. இந்தத் தாள் விஷயம் எல்லாருக்கும் பிடித்துப்போய், நாவலைப் பற்றிப் பேசுகிற எவரும் இதில் தொடங்கி இதிலேயே நின்றுவிடுகிறார்கள். (நானும் தலைப்பில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.) எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது எழுத்துமுறை.

கிகூயுவில் உயிரொலிகள் ஏழு. லத்தீன் எழுத்தில் உயிர் ஐந்து. மிஷனரிகள் எழுத்துமுறை வகுத்தபோது இரண்டு எழுத்துகளின் தலையில் சுழி போட்டு ஏழாக்கிக்கொண்டார்கள். ஆங்கில அச்சில் அந்தச் சுழிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நாம் எழுதும் ‘கூகி’யே அப்படி உதிர்ந்த பெயர்தான். சுழியோடு படித்தால் அது ‘ங்கோகே’ என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கும். வழக்கத்தில் நிலைத்துவிட்டதால் நானும் கூகி என்றே எழுதுகிறேன்.

சுழி மட்டுமே பிரச்சினை என்றால் சமாளித்துவிடலாம். கிகூயுவில் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும், குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை மாற்றும். இவற்றை அந்த எழுத்துமுறை முறையாகக் காட்டுவதில்லை. ஓலைச்சுவடியில் புள்ளியில்லாமல் எழுதியதைப் படித்துப் பார்த்தவர்களுக்கு, எகரமா ஏகாரமா என்று வீரமாமுனிவருக்கு முந்தைய எழுத்தில் தடுமாறியவர்களுக்கு, இந்த அவதி தெரியும். மாலையில் எழுதிய பத்தியை மறுநாள் எடுத்துப் படித்தால் அது வேறொன்றைச் சொல்கிறது என்று கூகி குறிப்பிட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் அரை டஜன் நூல் எழுதிய கை அது. அவர் கண்ட வழி: ஒவ்வொரு சொல்லும் வேறுவிதமாகப் படிக்க முடியாதபடி வாக்கியத்தை இறுக்குவது, வாக்கியம் பிசகாதபடி பத்தியை இறுக்குவது.

நாவலின் நடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. கதைசொல்லி ஒரு பாணர், கிச்சாந்தி என்ற வாய்மொழிக் கலையை நிகழ்த்துபவர். திரும்பத் திரும்பச் சொல்லுதல், பழமொழி, பாட்டு, விடுகதை. மட்டாட்டு என்ற தனியார் சிற்றுந்தில் முன்பின் தெரியாத ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத் தம் கதையைச் சொல்கிறார்கள். அந்தப் பயணம் போய்ச் சேருமிடம் ஒரு குகை. அங்கே நவீனத் திருடர்களுக்கும் கொள்ளையர்களுக்கும் போட்டி. வெளிநாட்டு விருந்தினர் நடுவர்களாக இருக்க, மேடையேறி ஒவ்வொருவரும் தான் எப்படித் திருடினேன் என்று பெருமை பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் படித்த சில விமர்சகர்கள் இதை நுட்பமற்றது, கூச்சல் மிகுந்தது என்றார்கள். கண்ணால் படிப்பவருக்கு அப்படித்தான் படும். காதால் கேட்பவருக்கு இரண்டாம் முறை சொன்னால்தான் பிடிபடும், எழுத்தில் தொக்கி நிற்கும் ஐயமும் அப்போதுதான் தீரும்.

ஹென்றி சக்காவா

நூல் பதிப்பாளர் கைக்கு வந்த இடம் இந்தக் கதையில் குறைவாகப் பேசப்படும் இடம். ஹைன்மன் என்ற லண்டன் நிறுவனம் 1962இல் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை என்ற ஒன்றைத் தொடங்கியது. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சேபே முதல் ஆலோசகர். மலிவு அட்டை நூல்கள். ஆப்பிரிக்கப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் பாடமாக வைத்ததால் விற்றன. எழுத்தாளர் ஆப்பிரிக்காவில், பெரும்பாலான வாசகரும் அங்கே, முடிவெடுக்கும் மேசை லண்டனில். கூகியின் ஆங்கில நாவல்கள் எல்லாம் இந்த வழியே வந்தவை.

நைரோபிக் கிளையில் 1972இல் ஆசிரியராகச் சேர்ந்தவர் ஹென்றி சக்காவா. கூகியின் மாணவர். பிறகு கிளையை நடத்தும் பொறுப்புக்கு உயர்ந்தவர். மேற்குக் கென்யாவின் லூயா சமூகத்தைச் சேர்ந்தவர், கிகூயு அவருக்குத் தாய்மொழி இல்லை. தமக்கு வீட்டுமொழி அல்லாத ஒரு மொழியில், அதுவும் சிறையிலிருந்து வெளிவந்து பல்கலைக்கழக வேலையும் திரும்பக் கிடைக்காத ஒருவரின் நாவலையும், தடைபட்ட நாடகத்தையும் சேர்த்து 1980இல் அச்சுக்கு அனுப்ப அவர் முடிவு செய்தார். ஒரு கிகூயுப் பதிப்பாளர் இதைச் செய்திருந்தால் ‘இனப்பற்று’ என்று சொல்லிக் கடந்துவிடலாம். சக்காவா விஷயத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை.

கணக்குப் பார்த்தால் இது தேறாத முடிவு. கென்யாவில் இலக்கிய நூலைத் தாங்குவது பாடநூல் விற்பனை. தேர்வுக்குரிய இலக்கியப் பாடநூல்கள் ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் மட்டும். தாய்மொழிக்குத் தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று வகுப்பு வரைதான் இடம். எனவே பெரியவர்களுக்கான கிகூயு நாவலுக்குப் பள்ளிச் சந்தை பூஜ்யம், நூலகச் சந்தை ஏறக்குறைய பூஜ்யம். அச்சிட்டது 5,000 பிரதி. விற்க மூன்றிலிருந்து ஐந்தாண்டு ஆகும் என்பது அவர்களுடைய கணிப்பு.

நூல் வெளிவரும் முன்பே தொலைபேசியில் மிரட்டல் வந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள். சக்காவாவைத் தாக்கியதில் அவருடைய கைவிரல் வெட்டுப்பட்டது. நூல் நிற்கவில்லை.

ஒரு மாதத்தில் 5,000 பிரதியும் தீர்ந்தது. இன்னொரு 5,000 அடித்தார்கள். அதே ஆண்டில் மூன்றாவது 5,000.

காதால் வாங்கிய நூல்

பதினைந்தாயிரம் பிரதி என்பது வாங்கியவர்களின் எண்ணிக்கை. படித்தவர்களின் எண்ணிக்கையை யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் பெரும்பாலோர் படிக்கவில்லை, கேட்டார்கள். இரவில் குடும்பம் கூடி உட்கார்ந்து எழுத்துத் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொன்னது. வேலைத்தலத்தில் மதிய இடைவேளையில் ஒருவர் வாசித்தார். மட்டாட்டுக்குள்ளும் வாசிப்பு நடந்தது. மதுக்கடைகளில் இதற்கென்றே வாசிப்பவர்கள் உருவானார்கள் என்கிறார் கூகி. கதை சூடுபிடிக்கும் இடத்தில் வாசிப்பவரின் கோப்பை காலியாகிவிடும். புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார். ‘அவனுக்கு இன்னொன்று கொடு’ என்று கூட்டம் கத்தும். மறுபடி வாசிப்பு.

இந்தக் காட்சியில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். சொல்பவர் நூலாசிரியர், அதுவும் கதைசொல்லி. ஆனால் டீக்கடை பெஞ்சில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் தினசரி கேட்ட ஊர்களிலிருந்து வருகிற நமக்கு இதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை. மதுக்கடை வாசிப்பை நீக்கிவிட்டாலும் மூன்று அச்சுகள் இருக்கின்றன.

பதிப்பாளர் கணக்கு எங்கே பிசகியது என்பதுதான் இதில் படிக்க வேண்டியது. அவர்கள் கிகூயு நாவலுக்கு வாசகர் குறைவு என்று எண்ணினார்கள். கடையில் போய்ப் புத்தகம் வாங்கித் தனியே உட்கார்ந்து படிக்கும் வாசகரை வைத்து எண்ணினார்கள். அந்த வகை வாசகர் உண்மையிலேயே குறைவு. ஆங்கில நாவல் கொண்டுவந்த அளவுகோல் அது. கமிரீத்து ஒத்திகையில் நின்று பார்த்தவர்கள் அந்த அளவுகோலுக்குள் வரவே இல்லை.

ஆங்கிலம் வழியே வெளியேற்றம்

1982 மார்ச்சில் கமிரீத்து அரங்கைப் போலீஸ் இடித்துத் தரைமட்டமாக்கியது. ஜூனில், தாமே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வெளியீட்டுக்காகக் கூகி லண்டன் போனார். திரும்பினால் கைது என்று தகவல் வந்தது. இருபத்திரண்டு ஆண்டு திரும்பவில்லை. கிகூயு நூல் ஊரில் இருந்தது, ஆங்கில நூல் ஆசிரியரை வெளியே கொண்டுபோய் விட்டது.

மொழிபெயர்ப்பில் ஒரு சின்ன விவரம். கிகூயு மூலத்தில் பாத்திரங்கள் நடுநடுவே ஆங்கிலமும் சுவாஹிலியும் பேசுவார்கள். குகை மேடையில் நிற்கும் திருடனுக்கு ஆங்கிலம் ஒரு நகை, கழுத்தில் போட்டுக் காட்டுவது. கிகூயுப் பக்கத்தில் அந்தச் சொற்கள் முள்ளாகக் குத்தும். முழுவதும் ஆங்கிலமாகிவிட்ட பிரதியில் அவற்றைச் சாய்வெழுத்தில் போட்டார்கள். எழுத்துச் சாய்ந்திருக்கிறது, முள் போய்விட்டது. பன்மொழிச் சமூகத்து நாவல் அந்த மொழிகளில் ஒன்றுக்கே மொழிபெயரும்போது நேரும் இழப்பு இது, மொழிபெயர்ப்பாளர் ஆசிரியராகவே இருந்தும் தடுக்க முடியவில்லை. தமிழில் நாம் படித்தது அந்த ஆங்கிலத்திலிருந்து. ‘ஆங்கிலத்திலிருந்து விடைபெற்றவர்’ என்று நாம் கொண்டாடும் எழுத்தாளர் ஆங்கிலத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நம்மிடம் வந்தார். கிகூயுவிலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவர ஆள் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

1986இல் அடுத்த கிகூயு நாவல் வந்தது, மீண்டும் சக்காவா வழியாக. அதன் நாயகன் நீதியும் உண்மையும் எங்கே கிடைக்கும் என்று நாடெங்கும் கேட்டு அலைபவன். சில மாதங்களில் உளவுத்துறைக்குத் தகவல்: மதிகாரி என்று ஒருவன் ஊர் ஊராகப் போய் இப்படிக் கேள்வி கேட்கிறான், மக்கள் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். பிடிக்க உத்தரவு போயிற்று. ஆள் நாவலில் வருபவன் என்று பிறகு தெரிந்தது. 1987 பிப்ரவரியில் கடைகளில் புகுந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டாண்டு கழித்து வங்கூய் வா கோரோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வந்தது. கென்யாவுக்குள் மூலம் கிடைக்காமல், வெளியே மொழிபெயர்ப்பு மட்டும் கிடைக்கும் நிலை.

ஏன் வரிசையாகத் தொடரவில்லை

1980இன் விற்பனையைப் பார்த்தவர்கள் கிகூயுவிலும் லுவோவிலும் கம்பாவிலும் நாவல்கள் வரிசைகட்டும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நடக்கவில்லை. காகாராவின் சிறைநாட்குறிப்பு கிகூயுவில் 1983இல் வந்து, அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவில் வெளியாகும் நூல்களுக்கான நோமா பரிசைப் பெற்றது. அதையும் வெளியிட்டவர் சக்காவாதான். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதே நோயின் அறிகுறி. 1992இல் அவர் கிளையை லண்டன் முதலாளிகளிடமிருந்து வாங்கிக் கிழக்காப்பிரிக்கக் கல்விப் பதிப்பகம் என்று உள்ளூர் நிறுவனமாக்கினார். உரிமை கைமாறியது, ஆனால் பாடநூல்தான் சோறு போடும் என்பது மாறவில்லை. 2010 அரசியல் சாசனம் சுவாஹிலியைத் தேசிய மொழி என்றும், சுவாஹிலியும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள் என்றும் சொல்லி, மற்ற மொழிகளை அரசு வளர்க்கும் என்று ஒரு வரி சேர்த்தது. 2013இல் புத்தகங்கள் மேல் 16 சதவீத மதிப்புக்கூட்டு வரி வந்தது. வளர்ப்பதாகச் சொன்ன கை விலையைக் கூட்டியது.

இதைவிடக் கடினமான காரணம் ஒன்று உண்டு, கூகியின் அன்பர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள். கிகூயு, கென்யாவின் பெரிய மொழி. 2019 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டின் 4.76 கோடிப் பேரில் சுமார் 81 லட்சம் பேர் கிகூயுக்கள். முதல் குடியரசுத் தலைவர் கென்யாட்டா அந்தச் சமூகம், 1977இல் ஆங்கில நாவலை வெளியிட்டுவைத்த கிபாகியும் அதுவே. விக்டோரியா ஏரிக்கரை லுவோ வாசகருக்கு ஆங்கிலம் அந்நியமொழியாக இருக்கலாம், ஆனால் கிகூயு ஆட்சியாளரின் மொழி. 2007 தேர்தலுக்குப் பின் மூண்ட இனவன்முறைக்குப் பிறகு இந்தக் கேள்வியை நூலகத்துக்குள் அடைத்துவைக்க முடியாது. மொழிகளுக்குள் நேரடி மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது கூகியின் பதில். சரியான பதில்தான், ஆனால் அது பதிப்பாளர் மேல் இன்னொரு சுமை. கிகூயு நூலே பள்ளியில்லாமல் திணறும்போது கிகூயுவிலிருந்து லுவோவுக்குப் போகும் நூலை யார் அச்சிடுவது? இளைய நைரோபிவாசிகள் தங்களுக்குள் பேசுவது ஷெங், சுவாஹிலியும் ஆங்கிலமும் வீட்டுமொழிகளும் கலந்த தெருமொழி. 2003இல் தொடங்கிய க்வானி இதழ் அதற்கு இடம் கொடுத்தது. கூகியின் திட்டத்தில் ஷெங்குக்கு எந்த நாற்காலி என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

2004இல் கூகி நாடு திரும்பினார், புதிய கிகூயு நாவலோடு. இரண்டு வாரத்துக்குள் தங்கியிருந்த இடத்தில் ஆயுதக் கும்பல் புகுந்து அவரையும் மனைவியையும் கொடுமையாகத் தாக்கியது. 2016இல் ஜலடா என்ற இளம் எழுத்தாளர் கூட்டு, அவருடைய கிகூயுச் சிறுகதை ஒன்றை முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இணையத்தில் வெளியிட்டது. பிறகு அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அச்சுக்கூலி இல்லை, பாடத்திட்டக் குழு இல்லை, விரலை வெட்ட வருபவருக்கு முகவரியும் இல்லை. ஆனால் அது ஒரு சிறுகதை.

2021இல் அவருடைய கிகூயுக் காவிய நாவல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்கு வந்தது. ஆப்பிரிக்க மொழி ஒன்றில் எழுதப்பட்ட நூல் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. அந்தப் பரிசு ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாகப் பங்கிடப்படுவது, எனவே பட்டியலில் இரண்டு பெயர் இருக்கும். அந்த நூலுக்கு இரண்டு இடத்திலும் கூகி வா தியாங்கோ என்றே இருந்தது. சக்காவா 2024 மார்ச்சில் இறந்தார், கூகி 2025 மே மாதம் அமெரிக்காவில்.